கேதத்துக்குப் போன வேட்டி

ஆவியில் துணி காயவைக்கும் மெஷினை எங்கள் வீட்டுக்கு வாங்கியது நான். யாரையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்திச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு, கணவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், கடையில் விரலை நீட்டிக் காட்டி வாங்கினேன். ஆனால் அதில் என் சேலை காய்ந்த நாட்களைவிட என் மாமனாரின் வேட்டி காய்ந்த நாட்கள்தான் அதிகம். அந்த வேட்டி கல்யாணத்துக்குப் போகாது, கோயிலுக்குப் போகாது, ரேஷன் கடைக்குக்கூடப் போகாது. கேதத்துக்கு மட்டும்தான் போகும்.

கேதம் என்றால் இந்தப் பக்கத்தில் சாவு வீடு. நான் ஆத்தூர்க்காரி. நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு வாழ வந்த பிறகுதான் அந்தச் சொல்லே எனக்குப் பழக்கமானது. காலைக் காபியோடு கேட்டுப் பழகினேன் என்று சொல்ல வேண்டும். மாமனார் பேப்பரைப் பின்னாலிருந்து திறப்பார். கண்ணீர் அஞ்சலிப் படங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிப்பார். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம்தான் உட்காருவார். காற்றுக்காக இல்லை, சுவரில் ஒட்டியிருக்கிற அஞ்சலிப் போஸ்டர்களுக்காக.

ஒருமுறை அவருக்குக் கண்ணில் புரை என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கி, நான் பள்ளிக்கு லீவு போட்டு, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். ராசிபுரம் தாண்டியதும் எழுந்து நின்றுவிட்டார். "சாமி, நான் சித்த எறங்கிக்கறேன். நீ முன்னால போயி டோக்கன் போட்டு வெய்யி." சாமி என்றால் நான்தான், பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவார். கையில் எப்போதும் இருக்கும் ரெக்சின் பைக்குள் அந்த வேட்டியும் சட்டையும் மடித்து இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டார். டாக்டர் வீட்டு வராந்தாவில் டோக்கனை வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டபோது, நோயாளி எங்கே என்று கேட்டார்கள். சாவுக்குப் போயிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? தவறாக அல்லவா எடுத்துக்கொள்வார்கள்?

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். யாரைப் பார்த்தாலும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களை விசாரிப்பார். "உங்கப்பாரு நல்லா இருக்கறாருங்களா? எந்திரிச்சு நடக்கறாருங்களா? சோறு எறங்குதுங்களா?" முதலில் எல்லாருக்கும் இது சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப்போக, இவர் விசாரித்த வீட்டில் ஏதாவது நடந்துவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க மாமாகிட்டச் சொல்லி வெய்யுங்க, எங்கப்பாவப் பத்தி மட்டும் கேக்க வேண்டாம்னு" என்றாள். எனக்கு மானம் போயிற்று.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சத்தமில்லாமல் வந்துவிட வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்த மனிதருக்கு அதுவே கைப்பழக்கமாகி, எங்கள் வீட்டிலிருந்தும் சொல்லாமலே கிளம்ப ஆரம்பித்தார். இட்லியை வைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலியாக இருக்கும். அரைமணிநேரம் கழித்து பஸ்ஸிலிருந்து போன் வரும்.

மெஷின் வாங்கிய காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் கோழிப்பண்ணை. கொடியில் துணி போட்டால் தீவன மாவின் தூசியும் இறகும் வந்து ஒட்டும், அதைத் தட்டிவிடலாம். வாசத்தை என்ன செய்வது? எத்தனை சோப்புப் போட்டு அலசினாலும், காய்ந்து எடுத்தால் கோழி வாசம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரித்ததை நான் கரும்பலகையிலிருந்து திரும்பும்போது பார்த்துவிட்டேன். அந்த வாரமே மெஷின் வந்தது. வெந்நீர் ஆவியை உள்ளே விட்டு வாசத்தை எடுத்து, சுருக்கமும் நீக்கிக் காயவைத்துக் கொடுக்கிற வகை.

மாமனார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "வெயிலு சும்மாதான சாமி கெடக்குது. அதுக்கு எதுக்கு இத்தாச்சோட்டுப் பொட்டி?" என்று கைகளை அகல விரித்துக் காட்டினார்.

ஐப்பசி வரைக்கும் அந்தப் பக்கமே போகவில்லை. ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. காலையில் ஒரு கேதத்துக்குப் போய்விட்டு நனைந்து வந்தவர், வெளிக் குழாயில் குளித்து முடிப்பதற்குள் இன்னொரு கேதம் என்று போன் வந்துவிட்டது. ஈர வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "அம்மிணி, அந்தப் பொட்டி எத்தன நேரத்துல காய வெக்கும்?" என்று கேட்டார். அன்றைக்குப் போட்டுக்கொடுத்தேன். என் கையாலேயே தொடங்கி வைத்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

அதன்பிறகு நான் மாலை பள்ளியிலிருந்து வந்து என் துணியை எடுத்துக்கொண்டு போனால், மெஷினுக்குள் ஒற்றை வேட்டியும் ஒற்றைச் சட்டையும் சுற்றிக்கொண்டிருக்கும். எட்டுக் கிலோ துணி பிடிக்கிற மெஷினில் ஒரு வேட்டி, ஒரு சட்டை! இன்னொரு ஜோடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். "கேதத்துக்குனு ரெண்டாவது சோடி எடுத்து வெக்கக் கூடாது சாமி. எடுத்து வெச்சா, அதுக்கும் வேல வந்துரும்." நான் கேட்கவில்லை. ஆடித் தள்ளுபடியில் எட்டு முழ வேட்டியும் சட்டையும் வாங்கி வந்து அவர் கட்டிலில் வைத்தேன். மறுநாள் அதை என் கணவர் கட்டிக்கொண்டு பண்ணைக்குத் தீவனம் இறக்கப் போனார். மாமனார்தான் பிரித்துக் கட்டிவிட்டாராம், சீக்கிரம் அழுக்காகட்டும் என்று.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, நீ சைன்ஸ் டீச்சரு. ஆவிங்கறது என்னது?"

"தண்ணி கொதிச்சு வர்றது மாமா."

"அப்ப அதும் தண்ணிதான?"

"தண்ணிதான்."

"அப்ப ஆவியில காட்டி எடுத்தாலே நனைச்ச கணக்குத்தான?"

நான் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ஆமாம் என்றேன். கேதத்துக்குப் போய் வந்தால் ஆளும் குளிக்க வேண்டும், உடுத்தியதும் நனைய வேண்டும். துவைத்துக் காயவைக்க இரண்டரை மணிநேரம். துவைக்காமல் ஆவியில் மட்டும் காட்டி எடுக்க இருபது நிமிஷம். இந்தக் கணக்கை அவர் எத்தனை நாளாக மனதில் போட்டுக்கொண்டிருந்தாரோ! என் ஒரு ஆமாமில் அது முடிவாகிவிட்டது. துவைக்காத வேட்டி, சாவு வீட்டு ஊதுபத்தி வாசத்தோடு, நேராக என் மெஷினுக்குள் போக ஆரம்பித்தது.

ஆனால் அவர் மனசு ஒப்பவில்லை. ஆவி நனைக்கும், சரி. தீட்டு போக மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டாமா? யாரிடமும் கேட்காமல் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆவிக்காகத் தண்ணீர் ஊற்றுகிற சின்னத் தொட்டி மெஷினில் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஊற்றிவிட்டார்.

பெற்றோர் கூட்டம் நடக்கிற அன்று காலையில், சந்தன நிறச் சேலையை மெஷினிலிருந்து உருவினேன். அம்மை போட்டதுபோல் மஞ்சள் புள்ளி. ஏழரை மணிக்குப் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. கையில் கிடைத்த பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வேனில் உட்கார்ந்து அழுதேன். சேலைக்காக அழவில்லை. என் வீட்டில் எனக்கென்று வாங்கிய ஒரே ஒரு பொருளும் எனக்கு இல்லையே என்று அழுதேன்.

சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றினார். குழாயில் மஞ்சள் அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இதுக்குள்ள ஆருங்க ரசம் ஊத்துனது?"

"ரசம் இல்லீங் தம்பி, மஞ்சத்தண்ணி. தீட்டுக்கு" என்றார் மாமனார், ஒளிக்காமல்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் கருவிகளை எடுத்து வைக்கும்போது, மாமனார் பக்கத்தில் போய், "உங்கப்பாரு நல்லா இருக்கறாருங்களா தம்பி?" என்று ஆரம்பித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று மாலை நேராகவே கேட்டுவிட்டேன். "எதுக்கு மாமா இப்படி ஊர் ஊரா சாவுக்கு அலையறீங்க? பாதிப் பேரு உங்களுக்கு யாருன்னே தெரியாது."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "எங்கப்பன் ஒருத்தரு கேதத்துக்கும் போனதில்ல சாமி. எல்லாருகூடயும் சண்ட. அவரு செத்தன்னைக்குத் தூக்கறதுக்கு மூணு பேருதான் இருந்தோம். நாலாவது ஆளு இல்ல. எங்கம்மா ரோட்டுக்கு ஓடி, போற லாரியக் கைகாட்டி நிறுத்துனா. அதுல இருந்த கிளீனரு எறங்கி வந்து தோளு குடுத்தாரு. எனக்குப் பதினாலு வயசு. அந்தாளு பேருகூடத் தெரியாது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாம போனாத்தான நமக்கு வருவாங்க? உன்ற மாமியா போனப்ப ரோடே அடைச்சு நின்னுது, நீ பாக்கல. என்றதுக்கும் ரோடு நெறையோணும். வேற ஒண்ணும் வேண்டாம் சாமி எனக்கு."

இரண்டு நாள் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மூன்றாம் நாள் மெஷினுக்குள் மறுபடி அந்த வேட்டி. ஒரு நாள் நிறைய வேண்டும் என்பதற்காக மற்ற எல்லா நாளையும் காலி செய்கிற மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். ஆத்தூரிலிருந்து என் அண்ணன் குடும்பத்தோடு சீர்த்தட்டுகளோடு வந்திறங்கினான். அவன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, ஆசாரி கம்மலை எடுக்கும்போது, தாத்தா எங்கே என்று எல்லாரும் தேடுகிறார்கள். ஆள் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவர் இல்லாமலே காது குத்தினோம். மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியிலிருந்து சத்தம். "அம்மிணி, ஒரு பக்கெட்டுத் தண்ணி கொண்டா. அப்பிடியே இதைய மெஷின்ல போட்டுரு." சாவு வீட்டு வேட்டியோடு, விசேஷ வீட்டு வாசலில், அத்தனை பேர் பார்க்க நின்றார். என் அண்ணி பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள்.

நான் கத்தினேன். பக்கெட்டைக் கேட்டருகே வைத்துவிட்டு, ஊரே கேட்கும்படி கத்தினேன். "உயிரோட இருக்கறவங்களுக்காக ஒரே ஒரு நாள் வீட்டுல இருக்க மாட்டீங்களா மாமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "இவங்கெல்லாம் நாளைக்கும் இருப்பாங்க சாமி. அவரு இன்னைக்குச் சாயந்தரத்தோட சரி" என்றார்.

 வந்த கோபத்தில், இனிமேல் கேதத்துத் துணி என் மெஷினுக்குள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.  அன்றிலிருந்து அவர் பண்ணைக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி அதில் காயப்போட்டார். மழை நாளில் ஈரத்தோடே உடுத்திக்கொண்டு போனார். போகட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நான் இறங்கி வரவில்லை.

அடுத்த கார்த்திகையில் ஆத்தூரில் என் சித்தி இறந்துபோனாள். அம்மா இல்லாத எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். எனக்குச் செய்தி பள்ளியில் இருக்கும்போது வந்தது. கணவர் பண்ணையை ஆளிடம் விட்டு, காரை எடுத்து, மழையில் நாங்கள் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பந்தலுக்குள் நுழைந்தால் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். நான் வேன் ஏறியதும் வீட்டுக்கு வந்த போனை எடுத்தவர், பத்து மணிக்கே வந்துவிட்டாராம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். என் சித்தப்பாவின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "அழுதுரு சாமி, அழுதுரு" என்று தோளில் கை வைத்தார். அவர் சட்டை ஈரமாக இருந்தது. கோழி வாசம் அடித்தது. காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அந்தக் குளிரில், எனக்காக. நான் அழுததில் பாதி சித்திக்கு, பாதி அந்தச் சட்டைக்கு.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்த வேட்டியையும் சட்டையையும் நானே வாங்கி மெஷினில் போட்டேன். அவர் வெளிக் குழாயில் குளிக்கப் போனார். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மறுவாரமே கணக்கு டீச்சரின் அப்பாவை விசாரித்துவிட்டு வந்து என் உயிரை வாங்கினார்.

தை மாதம் அவர் இறந்தார். காலையில் காபி குடித்தார், பேப்பரைப் பின்னாலிருந்து திறந்தார், அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

வளர்பிறை முகூர்த்த நாள். சுற்றுவட்டாரத்தில் எந்த மண்டபமும் காலியில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கேதத்துக்கு வரமாட்டார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் யார் யாருக்கெல்லாம் போனாரோ அவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள். அவர்களில் ஒருவர்கூட எழுந்து வரப்போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் பெங்களூரில் இருந்தார்கள், போர்வெல் வண்டியோடு வடக்கே இருந்தார்கள், வெளிநாட்டில் இருந்தார்கள். என் கணவரின் போன் நிற்காமல் துடித்தது. கும்பிடுகிற கைப் படம் போட்டு ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று நூறு பேர் அனுப்பியிருந்தார்கள். அந்த நூறு பேரில் யாராவது எதிரே நின்றிருந்தால் அறைந்திருப்பேன். சாமியானா போட வந்தவர் ஐந்தாறு வரிசை நாற்காலி போட்டுவிட்டு, மீதியை அடுக்கியபடியே விட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து, பண்ணை மோட்டாரைப் போட்டுத் தலைமுழுகினார்கள். ஆற்றங்கரைப் பக்கமிருந்து வந்த வயதான ஒருவர், மாற்று வேட்டி கட்டிக்கொண்டு, நனைந்ததைப் பிழிந்து கையில் வைத்தபடி என்னிடம் வந்தார்.

"ஏனுங் அம்மிணி, இதைய உங்ககிட்டக் குடுக்கறதுங்களா, இல்ல நானே பையில வெச்சுக்கறதுங்களா?"

எனக்கு விளங்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"இல்லீங், பெரியவரு போற கேதத்துலயெல்லாம் சொல்லுவாருங்க. என்றதுக்கு வர்ற ஆளுங்க ஆரும் ஈரத்துணியோட பஸ் ஏற வேண்டியதில்ல, என்ற மருமக மெஷின் வெச்சிருக்கறா, எத்தன பேரு வந்தாலும் காய வெச்சு மடிச்சுக் குடுத்துருவான்னு. அத்தன பெருமையாச் சொல்லுவாருங்க."

எத்தனை பேர் வந்தாலும்.

நான் ஒவ்வொருவரிடமாகப் போனேன். வேண்டாம் என்றவர்களிடமும் வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். வேட்டி, துண்டு, சட்டை, என் கணவருடையது, அண்ணனுடையது எல்லாவற்றையும் ஒரு அன்னக்கூடையில் போட்டு உள்ளே தூக்கி வந்தேன். துவைத்துப் பிழிந்து எடுத்தேன். பிறகு காயவைக்கிற மெஷினின் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். நாலைந்து தடவையாவது ஓட்ட வேண்டியிருக்கும், அதுவரை வந்தவர்களை உட்காரவைக்க வேண்டுமே என்றுதான் கணவரிடம் காபிக்குச் சொல்லச் சொல்லியிருந்தேன்.

கூடை காலியாகிவிட்டது. மெஷினுக்குள் இன்னும் பாதி இடம் இருந்தது.